பொருளிலிருந்து சொல்லுக்கு: இப்னு ஸீதாவின் சொற்கருவூலம்

சொல் தெரிந்து பொருள் விளங்காதபோது அகராதியை நாடுகிறோம். பொருள் நெஞ்சில் நிற்க, அதற்குரிய சொல் நாவுக்கு எட்டாதபோது நாடவேண்டிய நூல் வேறு. ஆங்கிலேயர் அதனைத் 'தெசாரஸ்' என்பர். கருவூலம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. மருத்துவர் பீட்டர் மார்க் ரோஜே 1852இல் லண்டனில் வெளியிட்ட நூலால் அப்பெயர் நிலைபெற்றது. அத்தகைய நூலுக்கே அவர்தாம் மூலவர் என்று எண்ணுவோர் நம்மிடையேயும் உளர். திவாகரத்தைக் கண்ட தமிழருக்கும் 'அல்முகஸ்ஸஸ்' நூலைப் புரட்டிய அரபு மாணவருக்கும் அவ்வெண்ணம் எழ நியாயமில்லை.

அல்முகஸ்ஸஸின் ஆசிரியர் இப்னு ஸீதா (ரஹ்), அன்தலுஸின் முர்ஸியா நகரத்தவர். தந்தையும் மகனும் பார்வையற்றோர், இருவரும் மொழியறிஞர். அபூ உமர் அத்தலமன்கீ (ரஹ்) அந்நகருக்கு வந்தபோது, அபூ உபைதின் 'அல்கரீபுல் முஸன்னஃப்' நூலை அவரிடம் பாடம் கேட்க மக்கள் விரும்பினர். ஒருவர் ஓதட்டும், தாம் பிரதியைக் கையில் வைத்துச் சரிபார்ப்போம் என்றார் அவர். அழைத்து வரப்பட்டவரோ கண்ணில்லாத இப்னு ஸீதா! நூல் முழுவதையும் அவர் மனனமாகவே ஒப்புவித்தார் என வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். பின்னர் தானியாவின் ஆட்சியாளர் முஜாஹிதின் ஆதரவில் வாழ்ந்து, ஹிஜ்ரி 458இல் (கி.பி. 1066) மறைந்தார்.

கெய்ரோவின் பூலாக் அச்சகத்தில் 17 பகுதிகளாக அச்சேறிய அந்நூல் மனிதப் படைப்பிலிருந்து தொடங்குகிறது. உடலுறுப்புகள், உடை, உணவு, ஆயுதம், குதிரை, ஒட்டகம், மழை, தாவரம் என விரிகிறது. கண்ணின் பகுதிகளுக்கும் பார்வையின் வகைகளுக்கும் உரிய சொற்களைத் திரட்டித் தந்தவர் ஒருநாளும் அவற்றைக் கொண்டு காணாதவர் என்பதை நினைக்கும்போதெல்லாம் நாம் பக்கத்தைப் புரட்டாது சற்று நின்றுவிடுகிறோம். திவாகரம் தெய்வப் பெயரில் தொடங்குகிறது. ரோஜேயின் நூல் 'இருத்தல்' எனும் அருவக் கருத்தில் தொடங்குகிறது. உலகை எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறார் என்பதிலேயே தொகுப்பாளரின் நோக்கு தெரிந்துவிடுகிறது.

ஆனால் ஒரே தலைப்பின்கீழ் நிற்கும் சொற்களெல்லாம் ஒரே பொருளுடையனவா? இமாம் சுயூத்தி (ரஹ்) 'அல்முஸ்ஹிர்' நூலில் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளார். ஹலபில் ஸைஃபுத் தவ்லாவின் அவையில், வாளுக்கு ஐம்பது பெயர்கள் தமக்குத் தெரியும் என்றார் இப்னு காலவைஹி. அபூ அலீ அல்ஃபாரிஸீ புன்னகைத்து, தமக்கு 'ஸைஃப்' எனும் ஒரு பெயரே தெரியும் என்றார். 'முஹன்னத்', 'ஸாரிம்' எல்லாம் எங்கே போயின என்று கேட்டதற்கு, அவை பண்புகள் என்பது அவர் விடை. முன்னது இந்திய வாளென்றும் பின்னது வெட்டும் கூர்மையையும் குறிக்கும். அந்த அபூ அலீயின் கருத்துகளைத்தான் இப்னு ஸீதா தம் நூலெங்கும் எடுத்தாள்கிறார்.

அபூ ஹிலால் அல்அஸ்கரீ (ரஹ்) இதற்கென்றே 'அல்ஃபுரூக்' நூலை இயற்றினார். இரு சொற்கள் ஒன்றெனத் தோன்றினால் அவற்றின் எதிர்ச்சொல்லைப் பார், வேரைப் பார், உடன்வரும் இடைச்சொல்லைப் பார் என்பது அவர் காட்டும் வழி. கருவூலத்தைத் திறப்போர் இந்நூலையும் அருகில் வைத்துக்கொள்ளல் வேண்டும். நம் மாணவர் பலர் நடை அழகுக்காக ஒரு சொல்லை எடுத்துவிட்டு மற்றொன்றை வைக்கின்றனர். பொருள் நழுவியதை உணர்வதில்லை. கட்டுரையில் அது மதிப்பெண் இழப்போடு போகும். குர்ஆன் மொழிபெயர்ப்பில் அப்படியன்று.

சென்ற ஆண்டு வகுப்பில் 35:28ஆம் வசனத்தை எடுத்துக்கொண்டோம். அறிஞர்களைப் பற்றிய அவ்விடத்தில் வருவது 'கஷ்யத்', 'கவ்ஃப்' அன்று. கஷ்யத் என்பது மகத்துவத்தை அறிந்ததால் விளையும் அச்சம் என்பார் ராகிப் அல்இஸ்ஃபஹானீ (ரஹ்). வெறுமனே 'அஞ்சுவர்' என்றால் அந்த அறிவின் சாயல் தமிழில் வருவதில்லை. 'இறையச்சம்' என்றார் ஒரு மாணவர். அதனைத் 'தக்வா'வுக்கு முன்பே கொடுத்துவிட்டோம். 'உள்ளச்சம்' என்றார் இன்னொருவர்; அது தொழுகையின் 'குஷூஉ'க்கு வழங்கி வருகிறது. பாடவேளை முடிந்து மணி அடித்தபோது கரும்பலகையில் அரபுச் சொல்லுக்கு எதிரே இடம் வெற்றாகவே இருந்தது.