கொல்கத்தாவில் இரண்டு நாள்

காசி, கயா யாத்திரை போகும் நம் குடியிருப்பு அன்பர்கள் சிலர் கொல்கத்தாவிலும் ஓரிரு நாள் தங்கிவிட்டு வருகிறார்கள். "ஒரே கூட்டம், ஒரே இரைச்சல்" என்பார்கள். சென்ற ஆண்டு முதல்முறையாகப் போன எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

1911 டிசம்பரில் தலைநகரை டில்லிக்கு மாற்றுவதாக ஆங்கிலேயர் அறிவித்தார்கள். பதவி போயிற்று, மக்கள் வருவது நிற்கவில்லை. 1943 பஞ்சத்தில் கிராமத்து ஏழைகள் சோறு தேடி வந்து இந்தத் தெருக்களிலேயே மடிந்தார்கள். நீங்கள் படம் எடுத்துக்கொள்ளும் ஹவுரா பாலம் திறந்ததும் அதே ஆண்டில்தான். 1947 பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகள் பலருக்கு சியால்டா ரயில் நிலையப் பிளாட்பாரமே வீடானது. 1971-இல் மறுபடியும் ஓர் அகதி வெள்ளம்.

பாங்கில் வேலை பார்த்தவன் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். 1806-இல் இங்கே தொடங்கிய பாங்க் ஆஃப் கல்கத்தா, 1809-இல் பாங்க் ஆஃப் பெங்கால் ஆனது. 1921-இல் பம்பாய், மெட்ராஸ் பாங்குகளோடு சேர்ந்து இம்பீரியல் பாங்க். 1955-இல் ஸ்டேட் பாங்க். உங்களில் பலருடைய பென்ஷன் கணக்குக்கு வேர் அந்த ஊரில் இருக்கிறது.

நீங்கள் போனால், காலையில் பாலத்தடியில் மல்லிக் காட் பூச்சந்தையைப் பாருங்கள். சியால்டாவிலும் ஐந்து நிமிடம் நில்லுங்கள். வந்தவர்களுக்கெல்லாம் இடம் கொடுத்த ஊர் நெரிசலாகத்தானே இருக்கும்?