சுழற்றும் கை: காந்தம், மின்சாரம், உழைப்பு

1

காந்தத்தை வைத்தே ஒரு சக்கரத்தைச் சுழலவிடலாம், அந்தச் சுழற்சியிலிருந்து மின்சாரம் எடுக்கலாம், எரிபொருள் வேண்டாம், ஆள் வேண்டாம், ஒருமுறை தட்டிவிட்டால் அதுபாட்டுக்குச் சுத்திக்கொண்டிருக்கும் என்று சொல்பவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். இன்று அவர்கள் கைபேசித் திரையில் இருக்கிறார்கள். விசிறி இறக்கையில் நாலு காந்தங்களை ஒட்டி, பக்கத்தில் இன்னொரு காந்தத்தைக் காட்டினால் விசிறி சுற்றுகிறது, பல்பு எரிகிறது. நம் தோழர்கள் பலரும் இதைப் பார்க்கிறார்கள். நாலு பேருக்கு அனுப்பவும் செய்கிறார்கள். எண்ணெய்க் கம்பெனிகள் இதை மக்களிடமிருந்து மறைத்துவிட்டன என்று கூடவே ஒரு வரியும் இருக்கும். நம்மவர்கள் மாட்டிக்கொள்வது காந்தத்தில் அல்ல, இந்த வரியில்தான்.

படித்தவர்களின் எதிர்வினை ஒரு சிரிப்பு. ஆற்றல் அழிவின்மை விதியைப் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லையா என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒரு பக்கம் நம்பிக்கை, மறுபக்கம் ஏளனம். இரண்டுமே வரலாற்றைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன. ஆளில்லாமல் சுழலும் சக்கரம் யாருடைய கனவு? அந்தக் கனவில் சுழற்றுகிற கைக்கு என்ன ஆயிற்று? இந்தக் கட்டுரையின் கேள்விகள் இவ்வளவுதான்.

2

1269 ஆகஸ்ட் 8. தென் இத்தாலியின் லூச்சேரா நகரை ஆன்ஜூவின் சார்லஸ் முற்றுகையிட்டிருக்கிறான். அந்தப் படை முகாமில் இருந்தபடி பெட்ரஸ் பெரெக்ரினஸ் என்பவர் நண்பர் ஒருவருக்குக் காந்தம் பற்றி ஒரு நீண்ட கடிதம் எழுதுகிறார். காந்தத்துக்கு இரு துருவங்கள் உண்டு, ஒத்தவை விலக்கும், மாறுபட்டவை ஈர்க்கும் என்பதையெல்லாம் சோதித்துச் சொல்லும் ஐரோப்பாவின் முதல் பிரதி அது. அதன் கடைசி அத்தியாயம், காந்தத்தால் ஓயாமல் சுழலும் ஒரு பல்சக்கரத்தைச் செய்யும் முறை. காந்தவியலும் ‘சும்மா சுத்தும் சக்கரமும்’ ஒரே கடிதத்தில் பிறந்தவை.

அதே கடிதத்தில் இன்னொரு கருவியும் வருகிறது. உருண்டையாகச் செதுக்கிய காந்தக்கல்லைச் சரியாகப் பொருத்தினால் அது வானத்தோடு சேர்ந்து தானே சுழலும் என்கிறார். சுழலாவிட்டால்? குறை இயற்கையில் இல்லை, செய்தவனின் திறமைக் குறைவுதான் காரணம் என்று எழுதிவைக்கிறார். கோட்பாடு தோற்றால் பழி கைக்கு, ஜெயித்தால் புகழ் கோட்பாட்டுக்கு. இந்த ஏற்பாடு பிறகு வந்த பல நூற்றாண்டுகளுக்கும் போதுமானதாக இருந்தது.

1600ல் வில்லியம் கில்பர்ட் காந்தம் பற்றிய தன் பெரிய நூலில் இந்த நிரந்தர இயக்கச் சக்கரத்தைக் கடுமையாகச் சாடி ஒதுக்கினார். அரசவை மருத்துவரான அவருக்குச் சோதித்துப் பார்க்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது? திசைகாட்டி செய்து விற்ற ராபர்ட் நார்மன் போன்ற கைவினைஞர்களிடமிருந்துதான் என்று 1941ல் எட்கர் ஜில்சல் வாதிட்டார். காந்த ஊசி கீழ்நோக்கிச் சாய்வதை அளந்து 1581ல் நூலாக வெளியிட்டவர் அந்த நார்மன். கையால் வேலை செய்பவனுக்கும் ஏட்டறிஞனுக்கும் நடுவே இருந்த சுவர் இடியத் தொடங்கிய இடத்தில்தான் நவீன அறிவியல் பிறந்தது என்பது ஜில்சலின் கருத்து. சுவர் முழுதாக இடிந்ததா என்பது வேறு விஷயம்.

3

காந்தத்தோடு நேரடியாகச் சம்பந்தமில்லாத ஒரு சம்பவத்தை இங்கே நிறுத்திவைக்க வேண்டியிருக்கிறது. 1812ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் சார்லஸ் ரெட்ஹெஃபர் என்பவர், தானே ஓடும் இயந்திரம் ஒன்றைக் காசு வாங்கிக்கொண்டு காட்டினார். அங்கே சந்தேகம் கிளம்பியதும் 1813ல் நியூயார்க்குக்குக் கடையை மாற்றினார். நீராவிப் படகுகளால் பெயர்பெற்ற ராபர்ட் ஃபுல்டன் அதைப் பார்க்கப் போனார். இயந்திரத்தின் சத்தம் ஒரே சீராக இல்லை. ஒரு சுற்றுக்குள்ளேயே வேகம் ஏறி இறங்குகிறது. யாரோ கைப்பிடியைச் சுற்றும்போது வரும் சத்தம் அது என்று அவருக்குப் பட்டது. இயந்திரத்தைச் சுவரோடு இணைத்திருந்த மெல்லிய மரச்சட்டங்களைப் பிடுங்கினார். உள்ளே நரம்புக் கயிறு ஓடியது. அதைப் பின்தொடர்ந்து போனால் மேல்மச்சில் நீண்ட தாடியோடு ஒரு கிழவர். கீழே நடந்த எதுவும் தெரியாமல், ஒரு கையில் காய்ந்த ரொட்டியைக் கடித்துக்கொண்டு மறு கையால் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தாராம். கூட்டம் இயந்திரத்தை நொறுக்கியது.

ஃபுல்டனின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர் சொல்வது இது. ரெட்ஹெஃபரின் பெயர் நிற்கிறது, ஃபுல்டனின் பெயர் நிற்கிறது. கிழவரின் பெயரை யாரும் கேட்டு எழுதவில்லை. மோசடிதான், சந்தேகமில்லை. ஆனால் ‘ஆளே வேண்டாம்’ என்ற காட்சியை நடத்த ஓர் ஆள் தேவைப்பட்டதையும், அவரை மச்சில் ஒளித்துவைக்க வேண்டியிருந்ததையும் வெறும் மோசடி என்று சொல்லித் தீர்த்துவிட முடியாது.

4

இப்போது மைக்கேல் ஃபாரடேக்கு வருவோம். கொல்லரின் மகன். புத்தக பைண்டிங் கடையில் ஏழாண்டு தொழில் பழகியவர். பைண்டிங்குக்கு வந்த நூல்களைப் படித்தே அறிவியல் கற்றவர். 1813ல் ஹம்ஃப்ரி டேவியின் உதவியாளராக லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சேர்ந்தார். அதே ஆண்டு டேவியோடு ஐரோப்பாவுக்குக் கிளம்பியபோது பணியாளர் வேலையும் அவர் தலையில் விழுந்தது. டேவியின் மனைவி அவரை வேலைக்காரராகவே நடத்தினார். 1821 செப்டம்பரில் ஃபாரடே பாதரசக் கிண்ணத்தில் ஒரு காந்தத்தை நிறுத்தி, தொங்கும் கம்பியில் மின்னோட்டம் செலுத்தினார். கம்பி காந்தத்தைச் சுற்றிவந்தது. மின்சாரம் கொடுத்தால் சுழற்சி கிடைக்கும் என்பது நிரூபணமாயிற்று. உடனே வொல்லாஸ்டனின் யோசனையைத் திருடிவிட்டார் என்ற பேச்சு கிளம்பியது. 1824ல் அவர் ராயல் சொசைட்டிக்குத் தேர்வானபோது எதிர்த்தவர்களில் டேவியும் ஒருவர்.

பத்தாண்டு கழித்து, 1831ல், அதன் மறுபாதி. ஆகஸ்ட் 29 அன்று இரும்பு வளையத்தில் சுற்றிய இரு கம்பிச்சுருள்கள். அக்டோபர் 17 அன்று சுருளுக்குள் காந்தத்தை நுழைப்பதும் எடுப்பதும். அக்டோபர் 28 அன்று ஒரு பெரிய காந்தத்தின் இரு துருவங்களுக்கிடையே செப்புத் தட்டைச் சுழலவிட்டார். தட்டு சுழலும்வரை மின்னோட்டம் தொடர்ந்து வந்தது. சுழற்றுவதை நிறுத்தினால் மின்சாரமும் நின்றது. 1832ல் பாரீஸில் ஹிப்போலிட் பிக்சி, லாடக் காந்தத்தைக் கைப்பிடியால் சுழற்றி மின்சாரம் தரும் கருவியைச் செய்தார். அந்த ஆரம்பகால இயந்திரங்களின் படங்களில் கைப்பிடி பளிச்சென்று தெரியும். அதைப் பிடித்திருக்கும் கை பெரும்பாலும் படத்தில் இருக்காது.

ஃபாரடேயின் ஆய்வுக்கூடத்திலும் அப்படி ஒரு கை உண்டு. பீரங்கிப் படையில் சார்ஜெண்டாக இருந்து ஓய்வுபெற்ற சார்லஸ் ஆண்டர்சன் பல்லாண்டு அவருக்கு உதவியாளர். வீட்டுக்குப் போகச் சொல்ல ஃபாரடே மறந்துபோனதால் ஆண்டர்சன் விடியவிடிய உலையை எரித்துக்கொண்டே இருந்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். அது ஆண்டர்சனின் விசுவாசத்துக்கு உதாரணமாகவே சொல்லப்படுகிறது. வேலைக்காரனாக நடத்தப்பட்டவரே இன்னொருவரை இருக்கும் இடம் தெரியாமல் மறந்துபோனார் என்று அதை வாசிக்கவும் இடமிருக்கிறது.

ஆனாலும் கையைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர் ஃபாரடே. 1853ல் இங்கிலாந்தில் மேசை சுற்றும் மோகம் பரவியது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து கைகளை வைத்தால் ஆவியோ மின்சாரமோ காந்தமோ அதைத் திருப்புகிறது என்றார்கள். ஃபாரடே கைக்கும் மேசைக்கும் நடுவே சிறு உருளைகள் வைத்த அட்டைகளைப் பொருத்திப் பார்த்தார். முதலில் நகர்ந்தது கைதான், மேசை அப்புறம்தான். உட்கார்ந்தவர்கள் ஏமாற்றவில்லை. தாங்கள் தள்ளுகிறோம் என்பது அவர்களுக்கே தெரியவில்லை.

5

காந்தம் ஏன் சும்மா சுத்தாது? காந்தம் இரும்பை இழுக்கிறது, உண்மை. ஒட்டிய இரும்பைப் பிய்த்தெடுக்க நாம் பலம் போட வேண்டியிருக்கிறது, அதுவும் உண்மை. சக்கரத்தில் ஒட்டிய காந்தம் இன்னொரு காந்தத்தை நெருங்கும்போது பெற்றதையெல்லாம் விலகும்போது திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ஒரு சுற்று முடிந்தால் கணக்கு பூஜ்யம். உராய்வைச் சேர்த்தால் நஷ்டம். மின்மோட்டார் சுற்றுகிறதே என்றால், அங்கே மின்னோட்டத்தின் திசை சரியான தருணத்தில் மாற்றப்படுகிறது. அதற்கான செலவை பேட்டரியோ மின்நிலையமோ தருகிறது.

மின்சாரம் எடுக்கும்போது நிலைமை இன்னும் கறார். வெளிவரும் மின்னோட்டம் தன்னை உண்டாக்கிய இயக்கத்தை எதிர்க்கும் என்று 1834ல் லென்ஸ் விதியாக எழுதினார். சைக்கிள் டைனமோவைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. டைனமோவை டயரில் சாய்த்ததும் மிதி கனக்கும். அதில் ஒரு பங்கு உராய்வு. மீதி, எரிகிற விளக்கு நம் காலிடம் கேட்கும் கூலி.

இந்தக் கணக்கை எண்ணாக்கியவர் சால்ஃபோர்டு மதுவடிசாலை முதலாளியின் மகன் ஜேம்ஸ் ஜூல். மின்காந்த எஞ்சின் நீராவி எஞ்சினை ஓட்டிவிடும் என்ற பெரும் கனவோடுதான் அவரும் தொடங்கினார். 1841க்குள் கனவு கலைந்தது. ஒரு ராத்தல் நிலக்கரி தரும் வேலையைவிட பேட்டரியில் கரையும் ஒரு ராத்தல் துத்தநாகம் தருவது பல மடங்கு குறைவு, விலையோ அதிகம். 1843ல் ஒரு சிறிய மின்காந்தத்தைத் தண்ணீர்க் குழாய்க்குள் வைத்து, பெரிய காந்தத்தின் துருவங்களுக்கிடையே சுழற்றி, தண்ணீர் எவ்வளவு சூடாகிறது, சுழற்ற எவ்வளவு எடை எவ்வளவு தூரம் இறங்க வேண்டியிருக்கிறது என்று அளந்தார். வெப்பத்துக்கும் வேலைக்கும் மாறாத விகிதம் உண்டு என்றார். ஆற்றல் அழிவின்மை விதியின் தூண்களில் ஒன்று இந்தச் சோதனை. சும்மா சுத்தும் காந்தத்தை மறுக்கும் விதி, சுழலும் காந்தத்தை அளந்ததிலிருந்தே வந்தது.

அந்த அளவுக்கு வைத்த பெயரும் கவனிக்கத்தக்கது. ஆங்கிலமும் பிரெஞ்சும் உழைப்பைக் குறித்த சொல்லையே அதற்கு எடுத்துக்கொண்டன. தமிழ்ப் பாடப்புத்தகத்திலும் அது ‘வேலை’தான். குதிரை, நீராவி, மனிதன் மூன்றையும் ஒரே அலகில் அளக்கவேண்டிய தேவை அன்றைய ஆலைகளுக்கு இருந்தது. உழைப்பை எண்ணாக்கி விலை பேச வைத்த அதே கணக்குதான், வேலை இல்லாமல் விளைவு இல்லை என்றும் சொல்கிறது. அதன் முதல் பாதியை முதலாளித்துவம் எடுத்துக்கொண்டது. இரண்டாவது பாதி நம்முடையது.

6

மறைத்துவிட்டார்கள் என்ற கதைக்குத் திரும்புவோம். பெரிய கம்பெனிகள் உண்மைகளை மறைத்த வரலாறு உண்டு. பட்டம் இல்லாதவனை நிறுவனங்கள் வாசலிலேயே நிறுத்தியதும் உண்டு. அப்படியானால் கிராமத்து மெக்கானிக் ஒருவர் காந்த மோட்டாரோடு வந்தால் எப்படி முடிவு செய்வது? பட்டத்தைப் பார்த்தா? ஃபாரடேயிடமும் பட்டம் இல்லை. ஆனால் 1821ல் அவர் தன் சுழற்சிக் கருவியைக் கைக்கடக்கமாகச் செய்து மற்ற நாட்டு அறிஞர்களுக்கு அனுப்பிவைத்தார். நீயே ஓட்டிப் பார் என்பதுதான் அதன் அர்த்தம்.

சும்மா சுத்தும் சக்கரக்காரர்கள் இதற்கு நேரெதிர். அமெரிக்காவின் ஜோசப் நியூமன் பேட்டண்ட் கேட்டு வழக்காடினார். 1986ல் அரசுச் சோதனைக்கூடம் அளந்தபோது, அவருடைய கருவி வாங்கியதைவிடக் குறைவாகவே கொடுத்தது. டப்ளினின் ஸ்டியோர்ன் கம்பெனி 2006ல் ‘எகானமிஸ்ட்’ பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து விஞ்ஞானிகளுக்குச் சவால் விட்டது. 2007ல் லண்டனில் காட்டுவதாகச் சொன்ன கருவி ஓடவில்லை. அவர்களே கூட்டிய நிபுணர் குழு 2009ல், ஆற்றல் உண்டாவதற்குச் சான்று இல்லை என்று ஒருமனதாகச் சொன்னது. ஒன்றைக் கவனியுங்கள்: கம்பெனிகளுக்கு எதிரானது என்று நாம் நினைக்கும் இந்தக் கண்டுபிடிப்பைப் பெரும்பாலும் விற்க வந்தது கம்பெனிகளும் பேட்டண்ட்காரர்களும்தான். கூலி இல்லாத இயக்கம் முதலாளியின் மிகப் பழைய ஆசை. அதை எதிர்ப்பின் மொழியில் போர்த்தி நம்மிடம் கொடுத்தால் நாம் வாங்கிக்கொள்கிறோம்.

7

சுழற்றுவது எப்போதும் மனிதக் கைதான் என்று நான் சொல்லவில்லை. 1858ல் இங்கிலாந்தின் சவுத் ஃபோர்லேண்ட் கலங்கரை விளக்கத்தில் காந்தச் சக்கரத்தைச் சுழற்றியது நீராவி, அதாவது நிலக்கரி. 1902ல் காவிரியின் சிவசமுத்திரத்தில் சுழற்றியது விழும் தண்ணீர். அதை மேலே தூக்கியது வெயில். ஆனால் அந்த மின்சாரம் எங்கே போயிற்று? ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து, பிரிட்டிஷ் கம்பெனி நடத்திய கோலார் தங்கவயலுக்குப் போயிற்று. பெங்களூருக்கே அது 1905ல்தான் வந்தது. சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் பெரும்பான்மையோர் வட ஆற்காடு போன்ற பகுதிகளிலிருந்து போன தமிழ்த் தலித்துகள். காவிரி சும்மா கொடுத்த சுழற்சி அவர்களின் உழைப்பைக் குறைக்கவில்லை. பாறையை இன்னும் ஆழத்தில் உடைக்கவும், தூசியை இன்னும் அதிகமாகச் சுவாசிக்கவும் வைத்தது. 2001ல் சுரங்கம் மூடப்பட்டது. இந்தியாவில் மின்சாரத்தின் வரலாறு என்றால் சிவசமுத்திரத்தைச் சொல்வார்கள், திவானின் பெயரைச் சொல்வார்கள். கம்பியின் மறுமுனையில் இருந்தவர்கள் மச்சில் இருந்த கிழவரைப் போலத்தான், பெயர் கேட்கப்படாதவர்கள்.

அடுத்த முறை அந்த விசிறிப் படம் வந்தால் அனுப்புவதற்கு முன் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அதே கேள்வியை அணைகளிடமும் அனல் நிலையங்களிடமும் காற்றாலைகளிடமும் கேட்க வேண்டியிருக்கிறது: யார் சுத்தறா, யாருக்காகச் சுத்தறா? ‘யாருமே சுத்தல, தானா சுத்துது’ என்று பதில் வருகிற இடத்தில் எல்லாம், ஃபுல்டனைப் போல மரச்சட்டத்தைப் பிடுங்கிப் பார்ப்பது நல்லது. இம்முறை, மேலே இருப்பவரின் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டு வரவேண்டும்.