வள்ளத்து ஆன்டெனா

சிறு மீன்பிடிப் படகில் வி.எச்.எஃப். வானொலிக்காக நிறுத்தப்படும் அலைக்கம்பி. அபாய அழைப்புக்குரிய 16ஆம் அலைவரிசை 156.8 மெகாஹெர்ட்ஸ், அதன் அரை அலைநீளம் சுமார் 95 செ.மீ. குமரி முதல் ராமேசுவரம் வரை பெருகிவிட்ட ஃபைபர் வள்ளங்களில் கால் அலைக் கம்பிக்கு வேண்டிய உலோகத் தளம் கிடையாது. ஆகவே தளம் கேட்காத அரை அலைக் கம்பியே பொருந்தும். 6, 9 டெசிபல் என்று விற்கப்படும் நெடுங்கம்பிகளை நம்பி வாங்கக் கூடாது. அவை அலையை ஒடுங்கிய பட்டையாக வீசுகின்றன. வள்ளம் உருளும்போது அந்தப் பட்டை கடலுக்குள்ளோ வானத்திலோ போய்விடும். 3 டெசிபல் போதும்.

எட்டும் தூரத்தைத் தீர்மானிப்பது செட்டின் 25 வாட் அல்ல, கம்பியின் உயரம். இரு வள்ளங்களிலும் 4 மீட்டர் உயரமென்றால் ஏறத்தாழ 16 கி.மீ.; 9 மீட்டரென்றால் 25 கி.மீ. கரையில் உயர்ந்த கோபுரம் இருந்தால் இன்னும் கூடும். ஆனாலும் 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது தூத்தூர் வட்டார ஆழ்கடல் படகுகள் இந்த எல்லைக்கு வெகு தொலைவில் இருந்தன. அவ்வளவு தூரத்துக்குச் செயற்கைக்கோள் கருவியோ எச்.எஃப். வானொலியோதான் வேண்டும்.

கம்பி செங்குத்தாக, இரும்புக் குழாய்களிலிருந்து விலகி நிற்க வேண்டும். மெல்லிய ஆர்.ஜி.58 கேபிள் 10 மீட்டரில் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கை விழுங்கிவிடும், தடித்ததே நல்லது. பெரும்பாலும் பழுதாவது கம்பியல்ல, உப்புநீர் புகுந்த இணைப்பு முனை. அதை ஈயம் வைத்துப் பற்றவைத்து, ரப்பர் நாடாவால் இறுகச் சுற்ற வேண்டும்.