சேறோடி இல்லாத குளம்

ஊட்டியில் இருந்து கோத்தகிரி போகும் சாலையில் இருக்கிறது கட்டபெட்டு. எந்தப் பக்கம் திரும்பினாலும் தேயிலைச் சரிவு. சமதளம் என்று சொல்லிக்கொள்ள வீட்டு முற்றமும் சாலையும்தான். இப்படிப்பட்ட ஊரில் ஒருவர் வீட்டுக்குப் பின்னால் கோய் மீன் குளம் கட்ட ஆசைப்பட்டால் முதலில் என்ன கேட்பார்? "எந்த ஷீட் போடலாம்? பம்ப் என்ன விலை?" என்றுதான் கேட்பார். ஆனால் "தண்ணீர் எந்த வழியாக வெளியே போகும்?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். நீலகிரியின் 200 வருட வரலாறு சொல்வது அதைத்தான்.

எப்படி என்று பார்ப்போம்.

ஒரே மீன், இரண்டு மலைகள்

கோய் என்பது தனி இன மீன் கிடையாது. நம் ஊர்களில் சாதாக் கெண்டை என்று விற்கிறார்களே, அதே மீன்தான். நிறத்துக்காகத் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து வளர்த்ததால் கோய் ஆனது.

ஜப்பானின் நீகாட்டா பகுதியில் யமகோஷி என்ற மலைக்கிராமம் உண்டு. குளிர்காலத்தில் பனி மூடி வழி அடைபட்டுவிடும். அந்த மாதங்களில் சாப்பிடுவதற்காக விவசாயிகள் படிக்கட்டு வயல்களை ஒட்டிய குட்டைகளில் கெண்டை வளர்த்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றில் சில சிவப்பாகவும் வெள்ளையாகவும் பிறந்தன. அவற்றைச் சமைக்காமல் தனியே எடுத்து வைத்தார்கள். அங்கே தொடங்கியது கோய் வளர்ப்பு! 1914ல் டோக்கியோவில் நடந்த கண்காட்சியில் இந்த மீன்களை வைத்த பிறகுதான் வெளியுலகுக்கே தெரிந்தது.

இதற்கு நடுவில் இன்னொரு சம்பவம். 1904ல் ஜெர்மனியில் இருந்து கண்ணாடிக் கெண்டை ஜப்பானுக்கு வந்தது. உடம்பு முழுக்கச் செதில் இல்லாமல், முதுகு ஓரமாகவும் பக்கவாட்டிலும் மட்டும் பெரிய பெரிய செதில்கள் கொண்ட மீன் அது. அதையும் கோயையும் கலந்து 1910 வாக்கில் ஷுசுய் என்ற நீல நிற வகையை உருவாக்கினார்கள்.

அதே ஜெர்மன் வகைக் கண்ணாடிக் கெண்டை 1939ல் இலங்கை வழியாக வேறொரு மலைக்கும் வந்து சேர்ந்தது. அந்த மலை நம் நீலகிரி. மீன் விடப்பட்ட இடம் ஊட்டி ஏரி. சமவெளியின் கட்லா, ரோகு எல்லாம் இந்தக் குளிரில் இனப்பெருக்கம் செய்யாது. கண்ணாடிக் கெண்டையோ தேங்கிய தண்ணீரிலேயே முட்டையிடும், குளிரையும் தாங்கும். 1947ல் இங்கிருந்து குமாவோன் மலையில் உள்ள போவாலிக்கும் கொண்டு போனார்கள். ஆக, கட்டபெட்டுக்காரர் கொளத்தூரில் இருந்து கோய் குஞ்சு வாங்கி வந்தால், அது நீலகிரிக்கு முற்றிலும் புதிய விருந்தாளி அல்ல. அதன் பங்காளிகள் ஏற்கெனவே இங்கே குடியேறியவர்கள்தான்!

ஊட்டி ஏரி சொல்லும் பாடம்

கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819ல் முதலில் வீடு கட்டியது கோத்தகிரிப் பக்கம் கன்னேரிமுக்கில். கட்டபெட்டில் இருந்து அது தூரம் இல்லை. பிறகு ஊட்டிக்குப் போனார். பள்ளத்தாக்கில் ஓடிய ஓடைகளுக்குக் குறுக்கே கரை போட்டு 1823 முதல் 1825க்குள் ஏரியை உருவாக்கினார்.

மலையில் கரை போடுவது சுலபம். இரண்டு பக்கமும் மலையே சுவராக நிற்கும், மூன்றாவது பக்கத்தை அடைத்தால் போதும். ஆனால் வருகிற வெள்ளத்தை என்ன செய்வது? ஏரி நிரம்பி வழிந்து, கரை உடைந்து தண்ணீர் வெளியேறியது மூன்று முறை நடந்ததாக அதன் வரலாறு சொல்கிறது.

அடுத்து சேறு. சுற்றியுள்ள காடும் புல்வெளியும் ஊராகவும் தோட்டமாகவும் மாற மாற, மழையில் கரைந்த மண் எல்லாம் ஏரிக்கு வந்தது. ஏரி சுருங்கியது. இன்றைய பஸ் நிலையமும் குதிரைப் பந்தய மைதானமும் ஒரு காலத்தில் ஏரியாக இருந்த இடங்கள். பின்னாளில் கோடப்பமந்து கால்வாய் வழியாக நகரத்தின் கழிவுநீரும் சேர்ந்தது. ஆகாயத்தாமரை படர்ந்தது. பலமுறை தூர் வாரினார்கள். மீன், படகு, பூங்கா எல்லாம் இருந்தும், உள்ளே வரும் அசுத்தத்தின் வேகத்துக்கு வெளியே போகும் வழி ஈடு கொடுக்கவில்லை.

ஒரு கோய் குளத்தில் நடப்பதும் இதேதான், சின்ன அளவில்.

அடியில் ஒரு துளை

இதற்குத் தீர்வு கண்டுபிடிக்க ஜப்பான் வரை போக வேண்டியதில்லை. பாண்டிய நாட்டு ஏரிகளையும் சோழ நாட்டு ஏரிகளையும் பார்த்தாலே போதும். ஏரிக்குள்ளே, கரையில் இருந்து கொஞ்சம் தள்ளி, இரண்டு கல் தூண்கள் நிற்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். அதுதான் குமிழித் தூம்பு. தூண்களுக்குக் கீழே ஒரு கல் தொட்டி, அதில் இருந்து கரைக்கு அடியில் வெளியே போகும் சுரங்கக் கால்வாய். தொட்டியின் மேலே உள்ள துளைக்கு நீரோடி என்று பெயர். கீழே, ஏரியின் தரையை ஒட்டி இருக்கும் சின்னத் துளைகளுக்குச் சேறோடி என்று பெயர்.

மேலே அடைத்திருக்கும் கல்லைத் தூக்கினால் தண்ணீர் வேகமாகத் தூம்புக்குள் இறங்கும். அந்த வேகத்தில் சேறோடி வழியாக அடியில் தங்கிய வண்டலும் சேர்ந்து இழுத்துக்கொண்டு போகும். வயலுக்கு நீரும் ஆச்சு, உரமும் ஆச்சு. ஏரியும் சீக்கிரம் தூர்ந்து போகாது. ஒரே கல்லில் மூன்று மாங்காய்! இதையும் மீறிச் சேரும் மண்ணை வார ஆள் வேண்டுமே? அதற்கும் ஏற்பாடு இருந்தது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் (கி.பி. 919, 921) ஏரியைக் கவனிக்க என்றே தனி வாரியம் இருந்தது தெரிகிறது.

கெண்டை வளர்ப்பில் பெயர் பெற்ற பொஹீமியாவிலும் (இன்றைய செக் குடியரசு) இதே யோசனைதான். அங்கே த்ரெபோன் ஊருக்கு அருகே 1584 முதல் 1590 வரை வெட்டிய ரோஜ்ம்பெர்க் குளம் இன்றும் மீன் குளமாகவே இருக்கிறது. இலையுதிர் காலத்தில் அடிமடையைத் திறந்து தண்ணீரை மெதுவாக வடித்து, கடைசியில் தேங்கும் இடத்தில் மீன் பிடிப்பார்கள்.

இன்று கோய் குளம் கட்டுபவர்கள் "பாட்டம் ட்ரெயின்" என்று சொல்வது என்ன? தரையின் நடுவில் ஒரு வட்ட வாய், அதில் இருந்து 4 அங்குல பிவிசி குழாய். பெயர்தான் புதுசு. நம் ஆட்கள் அதைச் சேறோடி என்றார்கள்.

தண்ணீரைப் பிடித்து வைப்பது

குளத்தின் அடிப்பூச்சுக்கும் நீண்ட வரலாறு உண்டு. மிகப் பழைய முறை களிமண். களிமண்ணைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, மனிதர்களும் மாடுகளும் மிதித்து இறுக்கினால் அதற்குள் நீர் இறங்காது. இங்கிலாந்தில் 1760களில் ஜேம்ஸ் பிரிண்ட்லி வெட்டிய கால்வாய்கள் இந்த முறையில்தான் நீரைத் தாங்கின. யமகோஷியில் இன்றும் கோடைக்காலத்தில் கோய் வளர்வது மண் குளங்களில்தான்.

அப்படியானால் வீட்டுக் குளத்துக்கும் களிமண் போதாதா? ஒரு சிக்கல் இருக்கிறது. கெண்டை வாயால் தரையைக் கிளறி இரை தேடும் மீன். மண் தரையில் விட்டால் தண்ணீர் எப்போதும் காப்பி நிறத்தில்தான் இருக்கும். மீன் நன்றாக வளரும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது! பார்ப்பதற்காக வளர்க்கும் மீனுக்கு இது சரிப்படாது.

நம் ஊரில் கட்டடங்களுக்கும் தொட்டிகளுக்கும் சுண்ணாம்புக் காரை பூசினார்கள். கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த காரை வருடக்கணக்கில் நின்றது. பிறகு வந்தது சிமெண்ட். புது சிமெண்டில் இருந்து சுண்ணாம்பு கசிந்து தண்ணீரின் காரத்தன்மையை ஏற்றிவிடும். அதனால் பல முறை நீர் நிரப்பி வடிக்காமலோ மேலே பூச்சு அடிக்காமலோ மீன் விட்டால் செத்துப் போகும்.

1937ல் அமெரிக்காவில் பியூட்டைல் ரப்பர் கண்டுபிடித்தார்கள். 1950களில் கெட்டியான பாலித்தீனும் (எச்டிபிஇ) வந்தது. குளத்தின் வடிவம் எப்படி இருந்தாலும் விரித்துப் போடக்கூடிய ஒரே துண்டு ஷீட் என்பது இதன் பிறகுதான் சாத்தியமானது. நம் நாட்டில் 2005ல் தொடங்கிய தேசிய தோட்டக்கலை இயக்கம் பண்ணைக் குட்டைகளுக்கு 500 மைக்ரான் பிளாஸ்டிக் ஷீட் போட மானியம் கொடுத்தது. அந்த ஷீட்டையே மீன் குளத்துக்கும் போடலாம்.

சரிவு மன்னிக்காது

சமவெளியில் குளம் கசிந்தால் தண்ணீர் நஷ்டம், அவ்வளவுதான். மலையில் கதையே வேறு.

13 அடி நீளம், 10 அடி அகலம், 5 அடி ஆழத்தில் ஒரு குளம் என்று வைத்துக்கொள்வோம். சுமார் 18,000 லிட்டர் பிடிக்கும். அதாவது 18 டன் எடை, சரிவின் விளிம்பில்! அது ஒரு நாளைக்கு ஒரு சென்டிமீட்டர் கசிந்தால் 120 லிட்டர். மாதத்துக்கு 3,600 லிட்டர் நீர் கீழ்வீட்டுக்காரர் தலைக்கு மேல் உள்ள மண்ணுக்குள் சத்தமில்லாமல் இறங்கும்.

2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த மழையில் ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து 40க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். தண்ணீர் ஊறிய மண் என்ன செய்யும் என்பதை இந்த ஊர்கள் கண்ணால் பார்த்தன. கோய் பிறந்த யமகோஷியிலும் இதே வலி உண்டு. 2004 அக்டோபர் 23 அன்று அங்கே நிலநடுக்கம் வந்தது. சில நாட்களுக்கு முன்புதான் புயல் மழையில் மண் ஊறியிருந்தது. மலைகள் சரிந்தன, குளங்கள் உடைந்தன, மீன்கள் செத்தன. ஊர் மக்கள் எல்லோரையும் ஹெலிகாப்டரில் வெளியேற்ற வேண்டி வந்தது. பின்னர் பலர் திரும்பி வந்து குளங்களை மறுபடியும் கட்டினார்கள்.

வரலாற்றை வீட்டுக்குளத்தில் வைத்தால்

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால், கட்டபெட்டுச் சரிவில் குளம் கட்டுபவருக்கு வழி தெளிவாகவே இருக்கிறது:

1. கரையை மண் கொட்டி உயர்த்தக்கூடாது. வெட்டிய கெட்டி மண்ணுக்குள்ளேயே குளம் இருக்க வேண்டும். சரிவின் விளிம்பும் தடுப்புச் சுவரின் தலையும் வேண்டவே வேண்டாம்.

2. ஷீட் போடும் முன்பே சேறோடிக் குழாயைப் புதைக்க வேண்டும். தரை நாலு பக்கமும் அதை நோக்கிச் சரிய வேண்டும். ஷீட்டை வெட்டிக் குழாயோடு இறுக்கும் அந்த ஒரு இடம்தான் பெரும்பாலும் கசியும். அவசரப்படக் கூடாத இடமும் அதுதான்.

3. குழாய் முதலில் போக வேண்டியது வண்டல் தங்கும் தொட்டிக்கு. அடுத்து பில்டர், கடைசியில்தான் பம்ப். பம்பை முதலில் வைத்தால் அழுக்கை அரைத்துக் கலக்கிவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது குளத்து நீர் முழுவதும் சுற்றி வர வேண்டும்.

4. மேலே வழிந்தோடும் குழாய் ஒன்று கட்டாயம். அது முடியும் இடம் தேயிலைச் சரிவாக இருக்கக்கூடாது, கட்டிய வடிகாலாக இருக்க வேண்டும். ஊட்டி ஏரிக்கரை மூன்று முறை உடைந்ததற்குக் காரணம் நிரம்பி வழிந்த நீர்தான்.

5. கசிவு சந்தேகம் வந்தால் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு வாளி நிறையத் தண்ணீர் வையுங்கள். ஒரு நாள் பம்பை நிறுத்திவிட்டு, வாளியில் குறைந்ததை விடக் குளத்தில் அதிகம் குறைகிறதா என்று பாருங்கள். அதிகம் என்றால் அது வெயில் குடித்த நீர் கிடையாது.

6. டிசம்பர், ஜனவரி குளிரில் மீன் மந்தமாகிவிடும். மீன் கழிவில் வரும் அம்மோனியாவை மாற்றும் பில்டர் பாக்டீரியாவும் அப்படியே. தீனியைக் குறைக்க வேண்டும். நீரின் வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போனால் தீனியே வேண்டாம்.

கோய் மீன் நல்ல பராமரிப்பில் பல பத்து வருடங்கள் வாழும். கட்டியவர் காலத்துக்குப் பிறகும் அந்தக் குளத்தை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஏரி வெட்டிய அன்றைய மக்கள் அதையும் யோசித்துத்தான் தண்ணீரைத் தேக்கிய கையோடு சேறு போகவும் வழி வைத்தார்கள். மலையில் வசிப்பவர்களுக்கு அந்த யோசனை இன்னும் ஒரு மடங்கு அவசியம். அவர்கள் வீட்டுக்குக் கீழேயும் ஒரு வீடு இருக்கிறது.