சீனச் சாறும் பின்லாந்து விதையும்

சீபக்தார்ன் ஒரு முள் புதர். பட்டாணி அளவு ஆரஞ்சுப் பழங்கள் கிளையோடு ஒட்டிக் காய்க்கும். பறிக்கப் போனால் விரலுக்குள்ளேயே நசுங்கிவிடும். சாறு பிழிந்து வைத்தால் சற்று நேரத்தில் மேலே எண்ணெய் படலமாகத் திரளும். விதையில் மட்டுமல்லாமல் சதையிலும் எண்ணெய் உள்ள பழங்கள் குறைவு. மருந்துலகம் இதைத் தேடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வட சீனத்தில் மண்ணரிப்பைத் தடுக்க மஞ்சள் மண் மேட்டுச் சரிவுகளில் இதைப் பெருமளவில் நட்டார்கள். பின்லாந்தில் போத்னியா வளைகுடாக் கரையோரம் தானாகவே வளர்கிறது. வேர் முடிச்சில் குடியிருக்கும் நுண்ணுயிர் நைட்ரஜனைச் சேர்த்துக் கொடுப்பதால் இரண்டு இடத்திலும் வளமற்ற மண் இதற்குப் பொருட்டில்லை.

பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெய்க்கி கல்லியோ குழு 2002-இல் வெளியிட்ட ஆய்வில், சீனக் காட்டுப் பழச்சாற்றில் லிட்டருக்கு 4 முதல் 13 கிராம் வரை வைட்டமின் சி இருந்தது. ஐரோப்பிய, ரஷ்யப் பழங்களில் 2 கிராமைத் தாண்டவில்லை. சீனப் பழமே உயர்ந்தது என்று இங்கேயே முடிவுகட்டிவிடலாமா? விதையைப் பிளந்தால் கணக்கு மாறுகிறது. வைட்டமின் ஈ வகைச் சேர்மங்கள் ஐரோப்பியத் துணையினத்தின் விதையில் கிலோவுக்குச் சராசரி 290 மில்லிகிராம், சீன விதையில் 130 மட்டுமே. சதையிலோ தலைகீழ்: சீனத்தில் 120, ஐரோப்பியத்தில் 40. விதையின் எண்ணெய் அளவிலும் பின்லாந்தில் வளரும் ஐரோப்பியத் துணையினத்துக்கே முதலிடம். அங்கே ஏறக்குறைய 11 சதவீதம், சீனத்தில் 7.

இந்த வேறுபாட்டை மண்ணின் மகிமை என்று விளம்பரங்கள் சொல்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒப்பிடப்பட்டவை வெவ்வேறு துணையினங்கள்; மண்ணோடு வம்சமும் சேர்ந்தே மாறியிருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரே ரகங்களை வெவ்வேறு அட்சரேகைகளில் வளர்க்க வேண்டும். மங்கோலியத் துணையினத்தின் ஒன்பது ரகங்களை வைத்து அதே பல்கலைக்கழகத்தார் அதைச் செய்தார்கள். 2012-இல் முடிவு வந்தது. வடக்கே போகப் போகச் சர்க்கரை குறைந்தது, புளிப்பு கூடியது. வைட்டமின் சி-யையோ வானிலை அவ்வளவாகத் தொடவில்லை. ரகத்துக்கு ரகம்தான் அது வேறுபட்டது. நாவில் படும் புளிப்பில் இடத்துக்குப் பங்குண்டு. வைட்டமின் சி பெரிதும் வம்சத்தின் கொடை.

பறிக்கும் நாளுக்கும் பங்குண்டு. தென்மேற்கு பின்லாந்தில் வைட்டமின் சி-க்காகப் பறிப்பதென்றால் ஆகஸ்ட் கடைசிதான் உகந்தது. ஊர்ப் பெயரை மட்டும் அச்சிட்ட புட்டியில் துணையினமும் இருப்பதில்லை, பறித்த மாதமும் இருப்பதில்லை.