சப்1ஏ: மூழ்கிய நெல்லைக் காக்கும் மரபணு

சப்1ஏ என்பது நெற்பயிரின் ஒன்பதாம் குரோமோசோமில் அமைந்துள்ள மரபணு. பயிர் நுனி வரை தண்ணீருக்குள் மூழ்கினாலும் ஏறத்தாழ இரண்டு வாரம் உயிரைப் பிடித்து வைத்திருக்கும் திறனை நெல்லுக்குத் தருவது இதுவே. இந்த மரபணு எது என்பது 2006-இல் உறுதியாயிற்று. தமிழ்நாட்டில் சாகுபடியாகும் சிஆர் 1009 சப் 1 நெல்லின் பெயரில் உள்ள 'சப் 1' இதைத்தான் குறிக்கிறது. ஒரு மரபணு செல்லுக்கு எப்படி ஆணையிடுகிறது என்பதை ஆய்வுக்கூடத்துக்கு வெளியே, வயல் வரப்பில் நின்று பார்க்க உதவும் எடுத்துக்காட்டுகளில் இது முதன்மையானது.

மூழ்கும் பயிருக்குள் நடப்பது

திருவண்ணாமலைக்கு வடக்கே, வேலூர் சாலையில் உள்ளது வேங்கிக்கால். அவ்வூரில் ஓர் ஏரி உண்டு. ஏரிப் பாசனத்தை நம்பிய திருவண்ணாமலை மாவட்டத்தில் மழை பொய்த்தால் சம்பா காய்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டி ஏரி கோடி போனால் பள்ளக் கழனிகள் மூழ்குகின்றன. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பெஞ்சல் புயலின்போது இரண்டாவது நிலைமையை மாவட்டமே பார்த்தது. சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் திறந்துவிட நேர்ந்தது. தென்பெண்ணையின் இரு கரையிலும் பயிர்கள் நீருக்குள் போயின.

நெல் தண்ணீரில் நிற்கும் பயிர்தான். ஆனால் வேரும் தண்டின் அடியும் நீரில் இருப்பது வேறு. இலை நுனி வரை மூழ்குவது வேறு. காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால் வாயுக்கள் நீருக்குள் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகவே பரவுகின்றன. ஆகவே மூழ்கிய பயிருக்கு ஆக்சிஜனும் கரியமில வாயுவும் போதிய அளவு கிடைப்பதில்லை. கலங்கிய வெள்ளமாக இருந்தால் வெளிச்சமும் குறைகிறது. அதோடு, எல்லாச் செடிகளும் இயல்பாக உண்டாக்கும் எத்திலீன் என்ற வாயு வெளியேற வழியின்றித் திசுக்களுக்குள்ளேயே சேர்கிறது. தான் மூழ்கிவிட்டதைப் பயிர் அறிந்துகொள்வது இந்த எத்திலீன் வழியாகத்தான்.

சாதாரண நெல் அப்போது என்ன செய்கிறது? நீர்மட்டத்தை எட்டிவிட முயல்கிறது. எத்திலீன் மிகுந்ததும், வளர்ச்சியைத் தூண்டும் ஜிப்பரெலின் ஹார்மோனின் ஆட்சி ஓங்குகிறது. கணுவிடைகளும் இலைகளும் அவசரமாக நீள்கின்றன. இந்த வளர்ச்சிக்கு வேண்டிய ஆற்றலுக்காகச் சேமித்த மாவுச்சத்து கரைகிறது. ஒளிச்சேர்க்கை நடக்காததால் செலவு மட்டுமே உண்டு, வரவு இல்லை. ஒரு வாரம், பத்து நாளில் இருப்பு தீர்ந்துவிடும். தண்ணீர் வடியும்போது வெளிறி நீண்ட தாள்கள் நிற்கவும் வலுவின்றிச் சேற்றில் சாய்ந்து அழுகுகின்றன. இப்படி மடியும் பயிரைப் பார்ப்பவர் தண்ணீர்தான் அதைக் கொன்றது என்பார். உண்மையில் பயிர் தன் செல்களுக்குத் தானே இட்ட கட்டளைதான் அதன் இருப்பைத் தின்று தீர்த்தது.

ஆணை செல்லும் வழி

நெல்லின் ஒவ்வொரு செல்லிலும் 12 இணைக் குரோமோசோம்கள் உள்ளன. 2005-இல் பன்னாட்டுக் குழு ஒன்று முழுமையாகப் படித்து வெளியிட்ட நெல் மரபணுத் தொகுதியின் நீளம் சுமார் 38.9 கோடி எழுத்துகள். பதினோராம் குரோமோசோமின் ஒரு பகுதியைப் படித்தவர்கள் இந்திய அறிவியலாளர்கள். எழுத்துகள் என்பவை டி.என்.ஏ. இழையில் வரிசையாக அமைந்த அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்னும் நான்கு காரங்கள். புரதத்துக்கான செய்தி எழுதப்பட்ட பகுதியில் மூன்று மூன்று எழுத்தாகப் படித்தால், ஒவ்வொரு மும்மையும் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். இந்த அகராதியை முழுமையாக்கியதில் பெரும்பங்கு ஹர் கோவிந்த் குரானாவுக்கு உண்டு. அதற்காக அவர் 1968-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

டி.என்.ஏ. செல்லின் உட்கருவை விட்டு வெளியே வருவதில்லை. தேவைப்படும் மரபணு மட்டும் தூது ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகிறது. அந்தப் படி உட்கருவுக்கு வெளியே உள்ள ரைபோசோமை அடைகிறது. ரைபோசோம் அதை மும்மை மும்மையாகப் படித்து, அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதமாக்குகிறது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் இந்த ரைபோசோமின் அணு அளவிலான அமைப்பைக் கண்டறிந்து, 2009-இல் வேதியியல் நோபல் பரிசை தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருடன் பகிர்ந்துகொண்டார்.

பாடநூல்கள் பெரும்பாலும் இத்துடன் நின்றுவிடுகின்றன. மாணவர் கேட்க வேண்டிய கேள்வி இதற்குப் பிறகுதான் வருகிறது. வேர் நுனியில் உள்ள செல்லிலும் கதிரில் உள்ள செல்லிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ. என்றால், இரண்டும் வெவ்வேறு வேலையை எப்படிச் செய்கின்றன? எந்த மரபணு, எந்தச் செல்லில், எந்த நேரத்தில், எவ்வளவு படியெடுக்கப்படுகிறது என்பதே அதைத் தீர்மானிக்கிறது. அதைக் கட்டுப்படுத்துவதற்கென்றே தனி மரபணுக்கள் உள்ளன. அவை உண்டாக்கும் புரதங்கள் செல்லின் கட்டுமானத்தில் சேர்வதில்லை, உணவைச் செரிப்பதுமில்லை. அவை டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட இடங்களில் போய் அமர்ந்து, வேறு மரபணுக்களின் படியெடுப்பைக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றன. ஏரியின் மதகைத் திறந்து மூடுபவர் கையில் ஆயக்கட்டு முழுவதன் விளைச்சலும் இருப்பதைப் போன்றது இது. சப்1ஏ அத்தகைய கட்டுப்பாட்டு மரபணு. எத்திலீனுக்கு எதிர்வினை காட்டும் குடும்பத்தைச் சேர்ந்தது.

பொறுத்திரு என்ற கட்டளை

மூழ்கலைத் தாங்கும் நெல்லில் எத்திலீன் சேர்ந்ததும் சப்1ஏ வேகமாகப் படியெடுக்கப்படுகிறது. அதிலிருந்து உண்டாகும் புரதம் பல இடங்களில் ஒரே நேரத்தில் கை வைக்கிறது. எத்திலீன் உற்பத்தியை மட்டுப்படுத்துகிறது. ஜிப்பரெலினுக்குத் தடைபோடும் எஸ்.எல்.ஆர்.1, எஸ்.எல்.ஆர்.எல்.1 ஆகிய புரதங்களின் அளவைக் கூட்டுகிறது. மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணுக்களை அடக்குகிறது. செல்சுவரைத் தளர்த்தி நீளச் செய்யும் எக்ஸ்பான்சின் மரபணுக்களும் அடங்குகின்றன. மறுபக்கம், ஆக்சிஜன் இல்லாமலே சிறிதளவு ஆற்றலைப் பெற உதவும் ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ் நொதியின் மரபணு ஊக்கம் பெறுகிறது. பயிர் வளர்ச்சியை நிறுத்தி, இருப்பைச் சிக்கனமாகச் செலவிட்டு, தண்ணீர் வடியும் வரை பொறுத்திருக்கிறது. வடிந்ததும் அடித்தூரிலிருந்து புதுக்குருத்து கிளம்புகிறது.

ஒன்பதாம் குரோமோசோமின் அந்த இடத்தில் சப்1ஏ, சப்1பி, சப்1சி என மூன்று மரபணுக்கள் அடுத்தடுத்து இருக்கலாம். பின்னவை இரண்டும் எல்லா நெல்லிலும் உள்ளன. சப்1ஏ இண்டிகா வகையைச் சேர்ந்த சில நெல்களில் மட்டுமே உண்டு. அதிலும் இரண்டு வடிவங்கள். சப்1ஏ-1 தாங்கும் வடிவம்; சப்1ஏ-2 தாங்காத வடிவம். இரண்டின் புரதத்துக்கும் இடையே ஓர் அமினோ அமிலமே வேறுபாடு. 186-ஆம் இடத்தில் தாங்கும் வடிவத்தில் செரினும் தாங்காத வடிவத்தில் புரோலினும் உள்ளன. டி.என்.ஏ.வில் இது ஒரே எழுத்தின் மாற்றம். ஆயினும் அந்த ஓர் எழுத்துதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று முடிவுகட்டுவது தவறு. மூழ்கும்போது எவ்வளவு தூது ஆர்.என்.ஏ. உண்டாகிறது என்ற அளவோடுதான் தாங்கும் திறன் நெருக்கமாக ஒத்துப்போகிறது என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின.

இதே குடும்பத்தில் நேர் எதிரான கட்டளையிடும் மரபணுக்களும் உள்ளன. 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஆழ்நீர் நெல்லில் கண்ட ஸ்நார்க்கல்1, ஸ்நார்க்கல்2 ஆகியவையும் எத்திலீன் சேர்ந்ததும் விழிப்பவை. ஆனால் அவை பயிரை நீளச் சொல்கின்றன. அத்தகைய நெல் நாளொன்றுக்கு 25 சென்டிமீட்டர் வரைகூட உயர்ந்து தலையை நீருக்கு மேலே வைத்துக்கொள்கிறது. மாதக்கணக்கில் மெல்ல ஏறி நிற்கும் வெள்ளத்துக்கு அந்த வழி பொருத்தம். திடீரென வந்து சில நாளில் வடிவதற்குச் சப்1ஏயின் வழி. ஒரே சமிக்ஞை, ஒரே மரபணுக் குடும்பம், இரண்டு தீர்வுகள்!

ஜிப்பரெலின் தமிழ்நாட்டு உழவருக்குப் பெயரளவில் புதிதாக இருக்கலாம். அதன் விளைவை அவர்கள் 1960-களிலேயே கண்டுவிட்டார்கள். 1966-இல் வெளியான ஐ.ஆர்.8 நெல் குட்டையாக நின்றதற்குக் காரணம், அந்த ஹார்மோனை உருவாக்கும் நொதிக்கான மரபணுவில் 383 எழுத்துகள் அழிந்துபோயிருந்ததுதான். இது 2002-இல் தெரியவந்தது.

ஒடிசாவிலிருந்து

சப்1ஏ ஆய்வுக்கூடத்தில் செய்யப்பட்டதன்று. ஒடிசாவின் தால்புட்டியா என்ற நாட்டு நெல்லிலிருந்து தெரிந்தெடுத்த எஃப்.ஆர்.13ஏ என்ற ரகத்தில் அது இருந்தது. வெள்ளம் வடிந்த வயலில் பிழைத்ததையே மறுபடி விதைத்துவந்த உழவர்களின் கையில்தான் இந்த மரபணு தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றப்பட்டது. இதன் வரலாற்றில் முதல் பெருமை அவர்களுக்கே சேர வேண்டும்.

எஃப்.ஆர்.13ஏ வெள்ளம் தாங்கும், விளைச்சல் குறைவு. நல்ல ரகங்களோடு கலப்பினம் செய்தபோது தாங்கும் திறனோடு வேண்டாத பண்புகளும் ஒட்டிக்கொண்டு வந்தன. 1996-இல் கெனாங் ஷூ, டேவிட் மேக்கில் இருவரும் அத்திறன் ஒன்பதாம் குரோமோசோமில் ஓர் இடத்தைச் சார்ந்தது என்று காட்டினர். பத்தாண்டு கழித்து, பமீலா ரொனால்டும் சேர்ந்த குழு சப்1ஏயைக் கண்டறிந்து நேச்சர் இதழில் வெளியிட்டது. செல்லுக்குள் அது செயல்படும் முறையை விரிவாக ஆராய்ந்தவர் ஜூலியா பெய்லி-செர்ரஸ்.

அடுத்த வேலை, பெயர்பெற்ற ரகங்களில் இந்த ஒன்றை மட்டும் சேர்ப்பது. இரண்டு நெல்லைக் கலப்பினம் செய்து, வரும் நாற்றுகளைப் பெயர்பெற்ற ரகத்தோடு மீண்டும் மீண்டும் கலக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் நாற்றின் இலையில் ஒரு துணுக்கைக் கிள்ளி அரைத்து டி.என்.ஏ.வைப் பிரிக்கிறார்கள். சப்1 இருக்கும் பகுதியைப் பி.சி.ஆர். கருவியில் பன்மடங்காக்கி, கூழ்மப் பலகையில் மின்னோட்டம் செலுத்தி ஓடவிட்டால், புற ஊதா ஒளியில் பட்டைகள் ஒளிர்கின்றன. சரியான இடத்தில் பட்டை உள்ள நாற்று மட்டும் வயலுக்குப் போகும். வெள்ளத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இது மரபணு மாற்றப் பயிர் அன்று. பிற உயிரியின் மரபணு எதுவும் இதில் நுழைக்கப்படவில்லை. 'சப் 1' என்ற பெயரைக் கேட்டு மரபணு மாற்ற விதை என ஒதுக்குவோர் இதை அறிந்துகொள்வது நல்லது.

இம்முறையில் உருவான ஸ்வர்ணா சப் 1 இந்தியாவில் 2009-இல் வெளியிடப்பட்டது. ஒடிசாவில் நடந்த கள ஆய்வில், பத்து நாள் மூழ்கிய வயல்களில் இது பழைய ஸ்வர்ணாவைவிட 45 விழுக்காடு கூடுதல் விளைச்சல் தந்தது; வெள்ளம் வராத வயலில் விளைச்சல் குறையவும் இல்லை. பள்ளமான நிலங்களில் பெரும்பகுதி ஒடுக்கப்பட்ட சாதியினரிடம் இருப்பதால், பயனும் அவர்களுக்கே கூடுதலாகச் சேரும் என அந்த ஆய்வு சொன்னது. ஒரு மரபணுவின் கதை சமூக நீதியோடு இவ்வளவு நேரடியாகப் பொருந்துவது அபூர்வம்.

தமிழ்நாட்டில்

சிஆர் 1009 நெல் நீண்டகாலமாகக் காவிரிப் படுகையின் சம்பாவுக்கு உரியது. அதன் சப் 1 வடிவம் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டப் பள்ள வயல்களுக்கு நன்கு பொருந்துகிறது. திருவண்ணாமலைக்கு அது முழுமையாகப் பொருந்தாது. ஏறக்குறைய 155 நாள் பயிரை ஏரித் தண்ணீரை மட்டும் நம்பிக் கரையேற்றுவது கடினம். இதைவிட வயது குறைந்த கோ 43 நெல்லில் சப்1ஏயைச் சேர்க்கும் பணி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் நடந்துள்ளது. ஏரிப் பாசன மாவட்டங்களுக்கு வேண்டியது இத்தகைய நடுத்தர வயது ரகங்களே. நீர் வடிந்தபின் பயிர் வாடாமல் மீளவும் வறட்சியைத் தாங்கவும் சப்1ஏ உதவுகிறது என்று 2011-இல் வெளியான ஆய்வு காட்டுவதால், காய்ச்சலும் வெள்ளமும் ஒரே பருவத்தில் வரும் இவ்வட்டாரத்துக்கு அதன் மதிப்பு இன்னும் கூடுகிறது.

இம்மரபணுவுக்கு எல்லையும் உண்டு. விதைத்த உடனே தண்ணீர் தேங்கினால் முளைப்பைக் காக்காது. பூக்கும் பருவத்தில் மூழ்கினாலும் பயனில்லை. அரைத்தாள் உயரத்துக்கு மாதக்கணக்கில் நீர் நிற்கும் வயலுக்கும் இது தீர்வன்று. கலங்கல் வெள்ளத்தில் தாங்கும் நாளும் குறையும்.

வெள்ளம் வடிந்தவுடன் சப் 1 வயலும் பார்க்கச் செத்ததுபோலவே இருக்கும். பழைய இலைகள் அழுகிக் கிடக்கும். அதைக் கண்டு உழுதுவிட வேண்டாம். நீரை நன்கு வடித்து, குருத்து வருகிறதா என ஒரு வாரம் பாருங்கள். யூரியாவை அன்றே இடாமல் ஐந்து முதல் ஏழு நாள் கழித்து இடுங்கள். சிஆர் 1009-க்கும் அதன் சப் 1 வடிவத்துக்கும் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு கிடையாது என்பதால், முதல் முறை நீலநிறச் சான்று அட்டை உள்ள விதையையே வாங்குங்கள். நெல் தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர். வேற்று ரகம் கலக்காமல் எடுத்துவைத்தால் அடுத்த ஆண்டின் சொந்த விதையிலும் சப்1ஏ இருக்கும்.