நோய்ச்சுமை

நோய், சுமை என்னும் இரு பழஞ்சொற்கள் சேர்ந்த புதுக் கலைச்சொல். ஆங்கில வழக்கைத் தழுவியது. ‘நோ’ என்னும் வினையடியில் பிறந்த ‘நோய்’ பழந்தமிழில் உடற்பிணியோடு மனத்துயரையும் காதல் வேதனையையும் குறித்தது. இன்று பிணி என்ற அளவில் சுருங்கிவிட்டது. பொதுச் சுகாதாரத்தில் நோய்ச்சுமை என்பது, ஒரு மக்கள்தொகை நோயாலும் அகால மரணத்தாலும் இழக்கும் நலவாழ்வு ஆண்டுகளின் கூட்டு. கிறிஸ்டோபர் மர்ரே, ஆலன் லோபஸ் ஆகியோர் உருவாக்கிய இக்கணக்கை 1993ஆம் ஆண்டு உலக வங்கி அறிக்கை பரவலாக்கியது. 80 வயது வரை வாழக்கூடியவர் 50இல் இறந்தால் இழப்பு 30 ஆண்டுகள். கடுமை 0.2 என மதிப்பிட்ட குறைபாட்டோடு 10 ஆண்டுகள் வாழ்ந்தால் இழப்பு 2 ஆண்டுகள். இறப்புகளை மட்டும் எண்ணினால் முதுகுவலியும் மனச்சோர்வும் கண்ணில் படுவதே அரிது. இந்தக் கணக்கில் அவை முன்வரிசைக்கு வந்துவிடுகின்றன.